எங்கள் தொழுவத்தில் இடம்பெறாத உயிரினம்



பிள்ளைகள் கணினி விளையாட்டில் எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பது குறித்து நாம் அதிகம் பேசுகிறோம். அந்த விளையாட்டினுள் அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைக் குறைவாகவே கேட்கிறோம். கடந்த கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் பல நாட்கள் நீடித்த ஓர் உரையாடல் அப்படியொரு கேள்வியிலிருந்தே பிறந்தது. கற்பனைப் பண்ணை ஒன்றில் எந்தக் கால்நடைகளை வளர்ப்பது? ஹலால், ஹராம் எனும் சொற்களை எங்கள் பிள்ளைகள் எப்படி விளங்கி வைத்திருக்கிறார்கள் என்பதை இந்தச் சிறிய கேள்விதான் எங்களுக்குக் காட்டித் தந்தது.

விளையாட்டின் பெயர் ஸ்டார்டியூ வேலி. அமெரிக்கரான எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியொருவராக உழைத்து உருவாக்கி, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். இதற்கு முன்னோடி 1996இல் ஜப்பானில் வெளிவந்த ஹார்வெஸ்ட் மூன். அதில் கறவைக்கும் முட்டைக்கும் பசுவும் கோழியும் மட்டுமே உண்டு. பரோனின் விளையாட்டில் தெரிவுகள் பெருகிவிட்டன. கோழி, வாத்து, முயல் ஆகியவை ஒரு கூண்டில். பசு, வெள்ளாடு, செம்மறியாடு, பன்றி ஆகியவை தொழுவத்தில். எதையும் அறுக்க முடியாது. பால், முட்டை, ரோமம் ஆகியவற்றைப் பெறலாம், வேண்டாமெனில் விற்றுவிடலாம்.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கவும் முடியாது. முதலில் கட்டும் தொழுவத்தில் நான்கு உயிர்களுக்குத்தான் இடம். விரிவுபடுத்தினால் எட்டு, பின்னர் பன்னிரண்டு. ஒவ்வொரு பருவமும் 28 நாட்கள் கொண்டது. குளிர்காலத்தில் புல் முளைக்காது; முன்னதாகவே அறுத்துத் தீவனக் கோபுரத்தில் சேமிக்க வேண்டும். ஒரு கோபுரம் 240 கட்டுகள் கொள்ளும். ஓர் உயிருக்கு நாளொன்றுக்கு ஒரு கட்டு தேவை. எட்டு உயிர்கள் இருந்தால் குளிர்காலம் முழுமைக்கும் 224 கட்டுகள். "எட்டு வளர்த்தால் பதினாறு மிஞ்சும், ஒன்பது வளர்த்தால் பட்டினி" என்று பத்து வயது மகள் நோட்டில் எழுதி வைத்தாள். சுமக்க முடிந்த பொறுப்பை மட்டுமே ஏற்க வேண்டும் என்ற பாடத்தை அவள் எங்களிடமிருந்து கற்கவில்லை. அந்தக் கணக்கிலிருந்தே கற்றுக்கொண்டாள்.

எட்டு என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வந்தது திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயம். அதன் பெயரே அல் அன்ஆம், அதாவது கால்நடைகள். அதன் 143, 144ஆம் வசனங்களில் இறைவன் எட்டுக் கால்நடைகளை இணை இணையாக எண்ணிக் காட்டுகிறான்: செம்மறியாட்டில் இரண்டு, வெள்ளாட்டில் இரண்டு, ஒட்டகத்தில் இரண்டு, மாட்டில் இரண்டு. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளையாட்டில் வாங்கி வளர்க்க ஒட்டகம் இல்லை என்பதால், அதன் இடத்தில் இன்னும் இரண்டு பசுக்கள் என முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் பதின்மூன்று வயது மகன் தன் கணக்கை எடுத்துவந்தான். விளையாட்டில் ஒரு பன்றியின் விலை 16,000 காசுகள். அது வெளியே மேயும் நாட்களில் டிரஃபிள் எனும் விலையுயர்ந்த நிலத்தடிக் காளானைத் தோண்டி எடுக்கும். ஒரு காளானுக்கு 625 காசுகள். நாளொன்றுக்கு ஒன்று கிடைத்தாலும் 26 நாட்களில் போட்ட முதல் திரும்பிவிடும். பசுவின் ஒரு குடம் பாலுக்கோ 125 காசுகள்தாம். "அத்தா, அதை யாரும் அறுக்கப் போவதில்லை, தின்னப் போவதுமில்லை. காளானை விற்பதில் என்ன தவறு?" என்று கேட்டான்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. திரையில் இருப்பது ஓர் உருவம். அதற்கு இரத்தமுமில்லை, இறைச்சியுமில்லை. மகள் சொன்ன மறுமொழியோ வேறு வகையில் எங்களை நிறுத்தியது. "பன்றி கெட்ட பிராணி. அண்ணனே மைன்கிராஃப்டில் பன்றியைக் கண்டால் வாளால் வெட்டுவான். ஹராமானது சாகட்டும் என்பான்" என்றாள். மகன் மறுக்கவில்லை. அதை ஒரு நற்செயலாகவே அவன் நினைத்திருந்தான்.

பன்றியை வளர்க்கலாமா என்ற கேள்வி அத்துடன் பின்னுக்குப் போயிற்று. உண்பதற்கு விலக்கப்பட்ட ஓர் உயிரை வெறுப்பதும் வதைப்பதும் மார்க்கப்பற்று என்று ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டு வளர்ந்தால், நாளை அந்த வெறுப்பு விலங்கோடு நிற்குமா? அதை உண்ணும் மனிதர்கள் மீதும், வளர்த்துப் பிழைக்கும் எளியவர்கள் மீதும் படராதா? பக்கத்து இருக்கையில் அமர்ந்து உணவுப் பெட்டியைத் திறக்கும் வகுப்புத் தோழனை அவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்?

எனவே அன்றிரவு மீண்டும் அல் அன்ஆம் அத்தியாயத்தையே பிள்ளைகளோடு திறந்தோம். எட்டு இணைகளைப் பற்றிய அந்த வசனங்கள் அருளப்பட்ட சூழலை விளக்கினோம். அன்றைய அரபுகள் சில கால்நடைகளைத் தாங்களாகவே விலக்கப்பட்டவை என்று அறிவித்துவந்தனர். சில குட்டிகள் ஆண்களுக்கு மட்டுமே, பெண்களுக்குக் கூடாது என்றும் விதித்தனர். இதை யார் தடுத்தது, ஆதாரம் எங்கே என்று இறைவன் அவர்களை வினவுகிறான். அதற்கடுத்த 145ஆம் வசனத்தில்தான் தானாகச் செத்தது, ஓடும் இரத்தம், பன்றியின் இறைச்சி ஆகியவை விலக்கப்பட்டவை எனக் கூறுகிறான். அந்த இறைச்சி அசுத்தம் என்றும் தெளிவாக்குகிறான். அதே அத்தியாயத்தின் 38ஆம் வசனமோ பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. அதில் பன்றிக்கு விதிவிலக்கு எதுவுமில்லை. இறைவன் இட்ட எல்லையைக் குறைக்கவும் நமக்கு உரிமையில்லை. நம் மனம்போல் நீட்டவும் உரிமையில்லை.

நாயைப் பற்றிய இரு நபிமொழிகளையும் அருகருகே வைத்துப் பேசினோம். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழுமுறை கழுவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதருக்கு இறைவன் பாவமன்னிப்பு வழங்கினான் என்றும் அவர்களே அறிவித்தார்கள். தூய்மையின் சட்டம் ஒன்று. இரக்கத்தின் கடமை வேறொன்று. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும், இருக்கவும் வேண்டும்.

மகனின் மனத்தை அசைத்தது வேறொரு செய்தி. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் இடம்பெற்றிருப்பது. ஈஸா நபி (அலை) அவர்கள் வழியில் எதிர்ப்பட்ட ஒரு பன்றியைப் பார்த்து, அமைதியுடன் செல்லுமாறு கூறினார்களாம். பன்றியிடமா இப்படிப் பேசுகிறீர்கள் என்று உடனிருந்தோர் வியந்தபோது, தம் நாவு தீய சொல்லுக்குப் பழகிவிடுமோ என அஞ்சுவதாக விடையளித்தார்களாம். மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பன்றிக்காக இல்லை, நம் நாவுக்காக" என்றான். நாங்கள் சொல்ல நினைத்ததை எங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

சரி, பன்றியை வாங்கினோமா? வாங்கவில்லை. மக்கா வெற்றியின்போது மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் வணிகத்தை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்த செய்தி புகாரியில் உள்ளது. விளையாட்டுக்காசு மெய்யான காசு ஆகாது என்பது எங்களுக்கும் தெரியும். இதன்மீது மார்க்கத் தீர்ப்புச் சொல்லவும் நாங்கள் முனையவில்லை. எனினும் நாள்தோறும் செய்வது கைக்குப் பழக்கமாகிறது. இலாபம் அதிகம் என்பதற்காகவே ஓர் எல்லையைத் தாண்டிப் பழகுவதை விளையாட்டிலும் நாங்கள் விரும்பவில்லை. இந்தக் காரணத்தைப் பிள்ளைகளிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னோம். மகள் உடனே அடுத்த பக்கத்துக்குப் போய், விளையாட்டில் உள்ள பீப்பாயில் திராட்சை மது வேண்டாம், காய்ச்சாறும் காப்பியும் மட்டும் செய்யலாம் என்று தானே எழுதிக்கொண்டாள். மகன் மைன்கிராஃப்டில் பன்றிகளை வெட்டுவதை விட்டுவிட்டான்.

விளையாட்டே ஆகாது என்று கருதுவோரும் நம்மிடையே உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணிச் சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் கேட்க, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அவர்கள் பதிலளிக்க, நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். பிள்ளையின் கற்பனை விலங்கைப் பற்றி அருகமர்ந்து கேட்பதும் நபிவழியே.

அதேவேளை திரையின் குறையையும் பிள்ளைகள் அறிய வேண்டும். அங்கே பசு சாணமிடாது, ஆட்டுக்கு நோய் கண்டு இரவெல்லாம் கண்விழிக்க வேண்டியதில்லை. தீவனம் மறந்தால் முகம் சுளிக்கும், பால் குறையும், அவ்வளவே. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்ற நபிமொழி மெய்யான உயிரைப் பற்றியது. எல்லா நபிமார்களும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததாகவும் நபியவர்கள் சொன்னார்கள். உயிருள்ள ஆட்டின் பின்னே நடந்தவர்களிடமே மனிதர்களை வழிநடத்தும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே இவ்வாண்டு குர்பானி ஆட்டைப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, அதற்குத் தழையும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தோம். அறுக்கும் நாளில் மகள் அழுதாள். கத்தியை நன்கு தீட்டிப் பிராணிக்கு எளிதாக்குமாறு நபியவர்கள் ஏன் கட்டளையிட்டார்கள் என்பது அவளுக்கு அன்று விளக்காமலே விளங்கிற்று. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்குப் பின்னாலும் ஓர் உயிர் உண்டு. அதன்மீது இறைவனின் பெயரைக் கூறுவதன் பாரத்தை அவள் உணர்ந்தாள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் பண்ணையில் எந்தெந்த உயிர்கள் இருக்கின்றன என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஏன் அவை, ஏன் மற்றவை இல்லை என்றும் கேளுங்கள். விலக்கப்பட்டதை விலக்கும் உறுதியையும், படைக்கப்பட்ட எதையும் இகழாத நாவையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல இறைவன் வழங்குவானாக. ஆமீன்.