கேட்க மறந்த பெயர்

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம். பெங்களூரிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த நாம், மாநில எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் வண்டியை நிறுத்தினோம். நெடுஞ்சாலையோரம் வரிசையாகப் பட்டாசுக் கடைகள். அங்கே விலை மலிவு என்று பலர் சொல்லக் கேட்டிருந்தோம். பதினெட்டு வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் நாம் வாங்கியவற்றைப் பெட்டியில் அடுக்கி, கயிறு கட்டி, வண்டிவரை சுமந்து வந்தான். தூக்கமின்றி அவன் கண்கள் சிவந்திருந்தன.

"எந்த ஊர் தம்பி?" என்றோம்.

"சித்தேரிங்கண்ணா, அரூர் பக்கம்" என்றான்.

நம் மாவட்டத்துப் பிள்ளை! உள்ளம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியை நாம் வெளிப்படுத்திய விதத்தை இன்று எண்ணினாலும் கூசுகிறது. "நம்ம ஊர்க்காரங்கன்னு சொல்லி இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லப்பா" என்றோம். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே சென்று, முதலாளியிடம் பேசி, மத்தாப்புப் பெட்டி ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தான். அவன் எங்கே உறங்குகிறான், பண்டிகைக்கு வீடு திரும்புவானா என்று நாம் கேட்கவில்லை. அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறு ஆண்டு, 2023 அக்டோபர் 7. அதே அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீக்கிரையாயின. வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது தீப்பற்றியது என்றன செய்திகள். உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்களில் 14 பேர் அப்போதே மாண்டனர். மருத்துவமனையில் இருந்தோரிலும் சிலர் பின்னர் இறந்தனர். இறந்தோரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர். அரூரை அடுத்த டி. அம்மாபேட்டை என்னும் ஒரே சிற்றூர் தன் இளைஞர் 7 பேரைப் பறிகொடுத்தது. விழாக்காலத்தில் சில வாரங்கள் உழைத்தால் படிப்புக்கும் வீட்டுக்கும் உதவுமே என்று சென்ற பிள்ளைகள் அவர்கள். அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 12. அதற்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. கர்நாடக அரசு 5 இலட்சம் ரூபாயும், தமிழ்நாடு அரசு 3 இலட்சம் ரூபாயும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறிவித்தன.

நாளிதழில் வந்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தோம். சித்தேரி என்ற ஊர்ப்பெயர் அதில் இல்லை. ஆறுதலாய் இருந்தது. மறுகணமே அந்த ஆறுதலுக்காக நாணினோம். அம்மாபேட்டைத் தாய்மாருக்கு அந்த ஆறுதல் ஏது?

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோக இயலாது. 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், திருவிழாக் காலத் தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு வரையறை வகுத்திருக்கின்றன. கடைக்கும் கடைக்கும் இடையே 3 மீட்டராவது இருக்க வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கலாகாது. திறந்த சுடர் விளக்கு அருகில் கூடாது. இவை நல்ல விதிகளே. ஆயினும் உள்ளே நிற்கும் பிள்ளைக்கு இன்னும் சில வேண்டும். ஓடி வெளியேற இரண்டாவது வாசல் வேண்டும். அவ்வாசலைச் சரக்கு மறைக்காதிருக்க வேண்டும். சரக்கின் நடுவே அவனைப் படுக்கவைக்காத முதலாளி வேண்டும். ஆபத்து நேர்ந்தால் எத்திசையில் ஓடுவது என்று முதல் நாளே காட்டித்தரும் ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவேட்டில் அவன் பெயர் வேண்டும். பெயரற்றவனுக்குக் காப்பீடும் இல்லை, கணக்கும் இல்லை.

பட்டாசுக் கடை மட்டுமா? நாம் புத்தாடை எடுக்கும் நாள்களில் துணிக்கடைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் கால்கடுக்க நின்றார்கள். அவர்கள் அமர இருக்கை தரவேண்டும் என்று சட்டம் சொல்வதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் ஊர் போய்ச் சேர, ஓட்டுநர் ஒருவர் இரவெல்லாம் கண்விழிக்கிறார். தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென 1958-இல் இயற்றப்பட்ட சட்டம் தொழிலகத்தாருக்கு ஆண்டுக்கு 9 நாள் வகுத்தது. நம் ஓய்வைச் சட்டம் எண்ணிவைத்திருக்கிறது. அந்த ஓய்வைச் சுமப்பவரின் சோர்வை எண்ணுவார் யார்?

சென்ற ஆண்டு, அரூரிலிருந்து பேருந்தேறிச் சித்தேரி மலைக்குச் சென்றோம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை அது. சாமையும் தினையும் மழையை நம்பி விளையும் நிலம். மழை பொய்த்தால் இளையோர் பிழைப்புத் தேடிக் கீழே இறங்குகிறார்கள். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "யாரைத் தேடி வந்தீங்க சாமி?" என்று கேட்டார்.

"அத்திப்பள்ளியில பட்டாசுக் கடையில வேலை பார்த்த ஒரு பையன் பாட்டி."

"எத்தனையோ புள்ளைங்க வேலைக்குப் போவுது. பேரு என்ன?"

நாம் வாய் திறக்கவில்லை. அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, உள்ளே சென்று ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதன்பின் ஒரு பழக்கம் நம்மிடம் ஒட்டிக்கொண்டது. விழாக்காலத்தில் எக்கடைக்குச் சென்றாலும், பொருளை எடுத்துத் தருபவரின் பெயரைக் கேட்கிறோம். சாப்பிட்டாயிற்றா, ஊருக்கு என்றைக்குப் போகிறீர்கள் என்று கேட்கிறோம். பின்வாசல் எங்கே என்றும் கேட்கிறோம். சிலர் விந்தையாகப் பார்க்கிறார்கள், சிலர் முறைக்கிறார்கள். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துணி எடுக்கச் சென்றபோது கடைக்காரர் ஒருவர், "பின்வாசல் உமக்கெதற்கு?" என்றார். அத்திப்பள்ளிக் கதையைச் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. நாம் பணம் செலுத்தி வெளியேறும் வேளையில், பின்புறம் வாசலை அடைத்துக்கிடந்த துணிமூட்டைகளை இரு பணியாளர்கள் இழுத்து நகர்த்தும் ஓசை கேட்டது.

சித்தேரித் தம்பியின் பெயர் இன்றும் நமக்குத் தெரியாது. அவன் நலமாக இருக்க வேண்டும்.