வெளிநாட்டில் வண்டி ஓட்டும் முன்பு லைசென்ஸைப் பாருங்கள்



"ரிட்டயர் ஆகி என்ன டீச்சர் செய்யறீங்க?" என்று போனில் கேட்கிறவர்களுக்கு எல்லாம் சேர்த்து இந்தப் பதிவு. இரண்டு மாதமாக வியட்நாம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிற அக்டோபரில் மகன், மருமகள், நான் மூவரும் அந்த நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹா ஜியாங் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் போவதாகத் திட்டம். எனக்கு 63 வயது. 22 வருடம் டி.வி.எஸ். 50-ல் பள்ளிக்கூடம் போய் வந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் பயப்பட வேண்டாம்.

ஏன் அந்த ஊர் என்று என் தம்பி கேட்டான். சொல்கிறேன்.

ஹனோயிலிருந்து வடக்கே சுமார் 300 கி.மீ. பஸ்ஸில் போனால் ஹா ஜியாங் நகரம். அங்கிருந்து மலைகளைச் சுற்றி மறுபடி அதே நகரத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 350 கி.மீ. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை மலைகள். அந்த டோங் வான் பீடபூமியை 2010-ல் உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பீடபூமி என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேனே, அதை நேரில் பார்க்க ஆசை.

அதைவிடப் பெரிய காரணம் அந்தச் சாலையின் கதை. 1959-ல் ஆரம்பித்து 1965-ல் முடித்தார்கள். தன்னார்வ இளைஞர்களும் மலைவாழ் மக்களும் கடப்பாரை, சுத்தியல் கொண்டு கையாலேயே வெட்டிய சாலை. மா பி லெங் என்ற கணவாயில் செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டே 11 மாதம் பாறையை உடைத்திருக்கிறார்கள். கீழே அதலபாதாளத்தில் நோ குவே ஆறு. அந்தச் சாலைக்கு அவர்கள் வைத்த பெயர் "மகிழ்ச்சிச் சாலை". இதைப் படித்த அன்றே போவதென்று முடிவு செய்துவிட்டேன்.

நாள் கணக்கு போடுவது எனக்குப் பிடித்த வேலை. முதல் நாள் ஹா ஜியாங்கிலிருந்து யென் மின், சுமார் 100 கி.மீ. இரண்டாம் நாள் வடக்கெல்லையில் இருக்கும் லுங் கு கொடிக்கம்பத்தைப் பார்த்துவிட்டு டோங் வானில் தங்கல். அங்கே பறக்கும் கொடியின் பரப்பு 54 சதுர மீட்டர், அந்த நாட்டின் 54 இனங்களுக்காக. மூன்றாம் நாள் மா பி லெங் கணவாய் வழியாக மேயோ வாக், பிறகு டு ஜியா. நான்காம் நாள் திரும்புதல். டோங் வானில் ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய சந்தை கூடும். அப்படியானால் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். மகன் வியாழன் என்று போட்டு வைத்திருந்தான், மாற்றிவிட்டேன்.

மாதமும் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. டிசம்பர், ஜனவரியில் குளிரும் மூடுபனியும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிந்திருக்கும், மலைச்சரிவு முழுக்க இளஞ்சிவப்பாக பக்வீட் பூக்கும்.

இதுவரை எல்லாம் சுலபம். பிரச்சினை லைசென்ஸில் வந்தது. இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான், பிள்ளைகளா. கவனமாகப் படியுங்கள்.

வெளிநாட்டில் வண்டி ஓட்ட நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வருடத்துக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தருகிறார்கள். அதை வாங்கிவிட்டால் எல்லா நாட்டிலும் ஓட்டலாம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சாலைப் போக்குவரத்துக்கு நாடுகளுக்கிடையே இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று 1949-ல் ஜெனீவாவில் ஆனது, மற்றது 1968-ல் வியன்னாவில் ஆனது. நம் நாடு தரும் அனுமதி 1949 ஒப்பந்தப்படி. வியட்நாம் 2014-ல் சேர்ந்தது 1968 ஒப்பந்தத்தில். ஆகவே நம் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. 50 சி.சி.க்குக் கீழே இருக்கும் சின்ன வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை. அதில் அந்த மலை ஏறுவது நடக்கிற காரியமா?

மகனிடம் சொன்னேன். அவன் 15 வருடமாகப் புல்லட் ஓட்டுகிறவன். நன்றாகவே ஓட்டுவான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"அம்மா, அங்க வாடகைக் கடையில லைசென்ஸே கேக்க மாட்டாங்க. போறவங்க எல்லாரும் ஓட்டிட்டுதான் வர்றாங்க" என்றான்.

"கடைக்காரர் கேட்க மாட்டார்ப்பா. போலீஸ்காரர் கேட்பார். அவர் கேட்காமல் விட்டாலும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இன்சூரன்ஸ்காரர் கேட்பார்" என்றேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியையின் மகனுக்கு இது நடந்தது. வேறொரு நாட்டில் வாடகை ஸ்கூட்டரில் விழுந்து கால் முறிந்தது. பயணக் காப்பீடு எடுத்திருந்தான். அந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ் இல்லை என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு அந்த அம்மா நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். அந்த அடகுச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மருமகள் எங்கள் காப்பீட்டுத் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். அதிலும் அதே நிபந்தனை, சின்ன எழுத்தில். மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "சரிம்மா, பின்னாடி உக்காந்தா வேடிக்கையாவது பாக்கலாம்" என்று வந்து நின்றான்.

அங்கே அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. உள்ளூர்க்காரர் வண்டி ஓட்டுவார், நாம் பின்னால் உட்கார்ந்து போகலாம். ஈசி ரைடர் என்பார்கள். மூன்று பேருக்கு மூன்று வண்டி, மூன்று ஓட்டுநர். செலவு கூடத்தான். அதைச் சமாளிக்க ஹனோயில் தங்கும் நாளை இரண்டு குறைத்துக்கொண்டோம்.

நானே ஓட்டினால்தான் ஆசை தீரும் என்கிறவர்களுக்கு வேறு நாடுகள் இருக்கின்றன. நேபாளத்துக்கு நம் வண்டியையே கொண்டுபோகலாம், எல்லையில் சுங்கம் கட்டினால் போதும், நம் லைசென்ஸே செல்லும். தாய்லாந்து 1949 ஒப்பந்தத்திலும் இருப்பதால் அங்கே நம் சர்வதேச அனுமதி செல்லும். ஆனால் உங்கள் லைசென்ஸில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்ற பிரிவு இருக்க வேண்டும். கார் மட்டும் இருந்தால் பயனில்லை.

இன்னும் சில, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்:

1. வியட்நாமில் வலது பக்கப் போக்குவரத்து. நடந்து ரோட்டைக் கடக்கும்போதும் முதலில் இடது பக்கம் பாருங்கள்.
2. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தாடைப் பட்டி சரியாக மாட்டுகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.
3. ஓட்டுகிறவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்பது 2020 முதல் அங்கே சட்டம். மலைக் கிராமங்களில் சோள மதுவை அன்போடு நீட்டுவார்கள். ஓட்டுநருக்கு ஊற்றிக்கொடுக்காதீர்கள்.
4. எங்கே வாடகை வண்டி எடுத்தாலும் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள், முன்பணம் கொடுங்கள். எடுக்கும்போதே கீறல்களைப் படம் எடுத்து வையுங்கள்.
5. ஹா ஜியாங் மலைப்பகுதி சீன எல்லையை ஒட்டியது. வெளிநாட்டவர் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஹா ஜியாங் நகரத்திலேயே கிடைக்கும். விசா வேறு, இது வேறு.

உங்களில் பலர் இப்போது நல்ல வேலையில் இருக்கிறீர்கள், விமானம் ஏறுவது பஸ் ஏறுவது போல ஆகிவிட்டது. சந்தோஷம். போய்ப் பாருங்கள், உலகம் பெரியது. ஆனால் டிக்கெட் எடுக்கும் முன்பு அரை மணி நேரம் ஒதுக்கி அந்த நாட்டுச் சட்டத்தையும் காப்பீட்டு நிபந்தனையையும் படித்துவிடுங்கள். வீட்டில் ஒரு அம்மா நகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நிலை வரக் கூடாது.

ஹா ஜியாங் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், அக்டோபர் குளிருக்கு ஸ்வெட்டர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்று கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்