நாலுக்கும் நாலரைக்கும் நடுவே

திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு. மண் ஏறிய விரல்கள் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே பெயர்களைவிட எண்கள்தான் அதிகம். ‘5 – இரண்டு. 5½ – ஒன்று. 1 – இரண்டு, கனமாக. 2½ – ஒன்று, ஆவணிக்குள்.’ பார்க்கப் பலசரக்குக் கணக்கு மாதிரி இருந்தது. ஆனால் அது மார்கழியில் சென்னையில் ஒலிக்கப்போகும் குரல்களின் கணக்கு. ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்கள், ஐந்து, ஐந்தரையில் பாடும் பெண்கள் எல்லோரும் அந்த நோட்டில் எண்ணாக உட்கார்ந்திருந்தார்கள். கடம் செய்கிறவருக்குப் பாடகரின் பெயர் வேண்டாம், அவர் பாடும் சுருதியின் அளவான கட்டை போதும்.

நான் மானாமதுரைக்குப் போனது ஆனி மாதம். சீசனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கையில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். நோட்டுக்கு உரிய அக்கா மண்ணிலிருந்து கையை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

“ஐப்பசி பொறந்துட்டா மழை, தம்பி. மண்ணு காயாது, வெறகு நனைஞ்சு போகும், சூளை புடிக்காது. மார்கழிக்கு வேணுங்கிறத இப்பவே தட்டி வச்சிரணும்.”

டிசம்பர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். சீசன் என்றால் சபா வாசலில் ஒட்டும் நிகழ்ச்சி நிரலில் தொடங்குகிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு முந்திக்கொண்டு காயவேண்டிய ஒரு பானையில் அது தொடங்குகிறது என்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். சிலைமான் தாண்டியதும் கீழடிக்குப் பிரியும் வழி, பிறகு திருப்புவனம், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, அப்புறம் மானாமதுரை. சாலை நெடுகிலும் வைகை கூடவே வருகிறது, பெரும்பாலும் மணலாக. கீழடியில் தோண்டத் தோண்டப் பானை ஓடுகள் கிடைத்ததை வியந்து பேசுகிறோம். அதே ஆற்றுப் படுகையில், பேருந்தில் கொஞ்ச நேரம் போனால் வருகிற ஊரில், மண் இன்னும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தெருவுக்குள் திரும்பியதும் முதலில் வந்தது சத்தம். ‘தப், தப், தப்’ என்று ஈர மண்ணில் மரம் விழும் ஓசை. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் தொடர்ந்தது. அந்த அடியில் ஒரு காலப்பிரமாணம் இருந்தது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அக்கா இடது கையைப் பானைக்குள் விட்டு உள்பக்கம் ஓர் உருண்டைக் கல்லை அணைத்திருந்தார். வலது கையில் மரத்தட்டு. வெளியே தட்டு விழும் இடத்துக்கு நேர் உள்ளே கல் வந்து நிற்கவேண்டும். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கவே முடியாது. சுவரின் கனம் எங்கும் ஒரே அளவாக வருவது இந்தக் கண்ணில்லாத கையால்தான்.

சக்கரத்தில் வனைவது இதில் சின்னப் பங்கு. வாயும் கழுத்தும் தோளும் சக்கரத்தில் வந்துவிடும். அப்போது அடி திறந்தே இருக்கும், கனம் கையளவுக்கு இருக்கும். நூலால் அறுத்து இறக்கி, பாதி ஈரம் போனபின் தட்டத் தொடங்குகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து வயிறு பெருத்து அடி மூடிக்கொள்கிறது. கொஞ்சம் தட்டி நிழலில் வைக்கிறார்கள், இறுகியதும் மறுபடி தட்டுகிறார்கள். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி விழுகிறது. ஒரே நாளில் முடித்துவிட முடியாதா என்று கேட்டேன். ஈரத்தில் அவசரப்பட்டால் மண் ‘செத்துப்போகும்’ என்றார். அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு இணையாக என்னிடம் வேறு சொல் இல்லை.

மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நிறுத்தமாட்டார். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் மண்ணை ஒன்றோடொன்று கலக்கிறார்கள். ஒன்று பசை, ஒன்று இறுக்கம். அதில் வைகையின் சலித்த மணல். ஊறவைத்து, மிதித்து, சின்னக் கல்லும் வேரும் இல்லாமல் எடுத்துப் பிசைகிறார்கள். ஒரு கல் தங்கினால் அந்த இடத்தில் நாதம் உடையும், சூளையில் பானையே உடையும். எந்த மண் எத்தனை பங்கு என்று நான் கேட்கவில்லை. அது அந்த வீட்டின் சொத்து.

பழைய கடம் ஒன்றை என் மடியில் வைத்தார்கள். எட்டுக் கிலோவுக்குக் குறையாது. சென்னையில் செய்யும் கடங்கள் இதைவிட லேசானவை, விரலுக்கு இதமானவை. மானாமதுரைக் கடம் தடிமன், வாசிக்கிறவரின் விரல் நோகும். ஆனால் விரல் பட்டதும் எழும் அந்த உலோக ரீங்காரம் வேறெங்கும் வராது என்று வித்வான்கள் இங்கேயே வருகிறார்கள். பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையையும் தட்டிக் காட்டினார் அக்கா. தண்ணீர்ப் பானை ‘டொக்’கென்று சொல்லி அடங்கிவிட்டது. கடம் சொன்னபின்னும் முனகிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பானையின் சுவர் நீரைக் கசிய விடவேண்டும், அப்போதுதான் குளிரும். கடத்தின் சுவருக்கு அந்த வேலை இல்லை. அடிபட்டு அடிபட்டு இறுகி, ஒலியைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை.

சுருதி விஷயத்தில் கடத்துக்குக் கூட வாசிக்கும் பல வாத்தியங்களுக்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. தம்புராவுக்குப் பிருடை இருக்கிறது. மிருதங்கத்தில் வாரை இறுக்கலாம், விளிம்பில் தட்டி ஏற்றலாம், இறக்கலாம். வயலினை ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சரிபார்ப்பதை நாம் பார்க்கிறோம். கடத்தைச் சுட்டு எடுத்தபின் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே கொஞ்சம் ஈர மண்ணைப் பூசி ஒரு நூலிழை இறக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் கட வித்வான்கள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கடம் வைத்துக்கொள்கிறார்கள். அதாவது மேடையில் நாம் கேட்கும் கடத்தின் சுருதி முழுக்க முழுக்கக் குயவர் வைத்த சுருதி. வித்வான் தாளத்தைத் தருகிறார், சொற்கட்டைத் தருகிறார், வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் கும்கி என்னும் அடிநாதத்தைத் தருகிறார். ஸட்ஜம் மட்டும் அவர் கையில் இல்லை. அது மானாமதுரையில் ஆனி மாதமே முடிவாகிவிட்டது.

அந்த முடிவு எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். பச்சை மண் பேசாது. காயும்போது சுருங்கும், வேகும்போது மறுபடி சுருங்கும். அதன் அளவு, சுவரின் கனம், வாயின் அகலம் எல்லாம் சேர்ந்து நெருப்புக்குப் பின் ஐந்து கட்டையாக வரவேண்டும் என்று ஈரத்திலேயே கணித்துவிட வேண்டும். அக்கா சங்கீதம் கற்றவர் இல்லை. ஆனாலும் இதைச் செய்கிறவரை வாத்தியம் செய்கிற தொழிலாளி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கச்சேரியில் இருக்கிறார். நாம்தான் அவரைப் பார்ப்பதில்லை.

இந்தப் பானை போய்வந்த தூரம் சாதாரணமானது அல்ல. ஆலங்குடி ராமச்சந்திரன் போன்ற கட வித்வான்கள் கச்சேரி மேடையில் இதற்கு ஓர் இடத்தை வாங்கித் தந்தார்கள். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது உடன் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். 1970களில் அதே விநாயக்ராம், ஜாஸ் கித்தார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடும் வயலினில் எல். சங்கரோடும் தபலாவில் ஜாகிர் உசேனோடும் சேர்ந்து ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அவர்களின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு கல்லூரியில், ரசிகர்கள் முன்னால் பதிவானது. டிரம்ஸ் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் தரையில் அமர்ந்து பானையை மடியில் வைத்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் நினைப்பேன். முடிவில் வரும் கைதட்டல் அதற்குப் பதில்.

அந்தக் குழுவுக்காக மெக்லாக்லின் வாசித்த கித்தார் தனியாகச் செய்யப்பட்டது. மேல் தந்திகளோடு குறுக்கே ஓடும் ஏழு ஒத்துத் தந்திகளும் அதற்கு உண்டு. அதைச் செய்தவர் ஏப் வெக்டர் என்று கித்தார் பிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அருகில் இருந்த கடத்தைத் தட்டிச் செய்த கை எந்தத் தெருவில் இருந்தது என்று இதுவரை ஒரு ரசிகரும் என்னிடம் சொன்னதில்லை. இதை நான் மனக்குறையாகவே சொல்கிறேன்.

சாஸ்திரீய மேடைக்கும் ஜாஸ் மேடைக்கும் முன்பே பானை பாட்டுக்குத் துணை போயிருக்கிறது. நாஞ்சில் நாட்டுக் கொடை விழா ஒன்றில் இரவு முழுக்க வில்லுப்பாட்டு கேட்டிருக்கிறேன். வில் சாய்ந்திருப்பதே குடத்தின்மேல்தான். குடக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயை அடிக்க, பந்தலின் தரையே அதிர்கிறது. மறு கையில் ஒரு நாணயம் குடத்தின் உடலில் தாளம் எண்ணுகிறது. காஷ்மீரத்து நாட்டுப்பாடல்களில் ‘நூட்’ என்ற பெயரில் இருப்பதும் ஒரு பானைதான். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “சோறு பொங்குற எடத்துல பானை இருக்கும். பானை இருந்தா எவனாச்சும் தட்டிப் பாப்பான்ல?” என்றார்.

நோட்டைத் திருப்பிக்கொண்டே வந்தபோது ஒரு பக்கத்தில் எண்களுக்குப் பதிலாக ‘ச ரி க ம’ என்று எழுதியிருந்தது. கட தரங்கத்துக்கான கடங்கள். கடத்தை மேடையில் வாசித்த முதல் பெண் என்று அறியப்படும் சுகன்யா ராம்கோபால், பல கடங்களை ஸ்வரங்களுக்கேற்ப வரிசையாக வைத்து ராகம் வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பெண் என்பதற்காகவே பக்கத்தில் உட்கார மறுத்தவர்களையும் அவர் சந்திக்கவேண்டியிருந்தது. அவர் திறந்த வழியில் இப்போது மற்றவர்களும் வருகிறார்கள். தட்டும் இடத்தில் இந்த ஊர்ப் பெண்கள் எப்போதோ உட்கார்ந்துவிட்டார்கள். மேடையில் பெண் வந்து உட்காரத்தான் அத்தனை காலம் ஆனது. ஆனால் ஒரு ஸ்வர வரிசைக்கான கடங்கள் கேட்டு வந்தால் வேலை பல மடங்கு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஏழு பானை வேண்டுமானால் எத்தனை செய்யவேண்டும் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். “சில சூளை பூராவும் தேறும். சில சூளையில பாதி போயிரும். நெருப்புகிட்ட யாரு கணக்குக் கேக்குறது?”

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, இந்த ஊரில் கடம் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்திருந்தது. வாசிப்பவர்கள் வாங்கிவந்த கௌரவம் செய்கிறவருக்கும் போனதில் இந்தத் தெருவுக்குப் பெருமை. ஆனாலும் மண் எடுப்பதுதான் இங்கே தினசரிக் கவலை. கண்மாயில் மண் அள்ள அனுமதி வேண்டும், தண்ணீர் நிற்கும் காலத்தில் அள்ள முடியாது, வற்றிய காலத்தில் போனால் வேண்டிய மண் இருக்கும் இடம் கருவேல முள்ளுக்குள் கிடக்கும். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அது தவறென்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் உள்ளே கல் பிடிக்கும் அந்த இடது கை ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்ப வராது.

மூன்று வாரம் கழித்துச் சூளை பிரிக்கும் நாளில் மறுபடி போனேன். முதல்நாள் விறகும் வைக்கோலும் வைத்து மூட்டிய நெருப்பு, விடிகாலையில் சாம்பலாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் நீண்ட கம்பால் ஓடுகளை நகர்த்தினார். செங்காவி பூசிய கடங்கள் சூட்டோடு தெரிந்தன. இரண்டு விரிசல் விட்டிருந்தன. யாரும் ஒன்றும் பேசவில்லை. அவற்றை ஓரமாக வைத்தார்கள்.

ஆறியதும் அக்கா ஒவ்வொன்றாக மடியில் எடுத்தார். திண்ணையில் மகனின் கைபேசியில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் முதலில் அதைக் கேட்பதில்லை. கழுத்தில் ஒரு சுண்டு, வயிற்றில் ஒரு தட்டு, கண்ணை மூடி ஒரு நொடி. “அஞ்சு.” பிறகுதான் கைபேசியோடு ஒத்துப்பார்த்தார்கள். ஐந்தேதான். வாயின் உள்விளிம்பில் சாக்பீஸால் 5 என்று எழுதி வைக்கோல்மேல் வைத்தார். அடுத்தது ஒன்றரை. அடுத்ததை ஐந்தரை என்றார், மகன் இல்லை என்று தலையசைத்தான். இருவரும் மறுபடி கேட்டார்கள். கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. பழகுகிற பிள்ளைகளுக்குப் போகும் வரிசையில் அதை வைத்தார்.

கடைசியாக வந்த ஒன்று என்னை நிறுத்தியது. அன்று கேட்டதிலேயே இனிமையான நாதம் அதற்குத்தான். தட்டி முடித்தபின்னும் நீண்டுகொண்டே இருந்தது. ஆனால் தம்புராவை நாலில் வைத்தால் கடம் மேலே நின்றது, நாலரையில் வைத்தால் கீழே நின்றது. நோட்டில் இதைக் கேட்டவர் யாருமில்லை. இதையும் பழகுகிற வரிசைக்கா என்று கேட்டேன்.

“வேண்டாம். இது இருக்கட்டும்,” என்றார் அக்கா. “வயசானா பாடுறவுகளுக்குச் சுருதி எறங்கும், தம்பி. அரைக் கட்டை, கால் கட்டைன்னு எறங்கும். அப்ப இந்தத் தொண்டைக்கு ஒண்ணு இருக்கான்னு யாராச்சும் போன் போடுவாக.”

உருளாமல் இருக்க அடியில் கொஞ்சம் வைக்கோலைத் திணித்தார். எண் எதுவும் எழுதாமல் அதைத் திண்ணை மூலையில் வைத்துவிட்டு, சாம்பல் அள்ளும் முறத்தை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போனார்.