காரீயம் கேட்டு வந்தவர்கள்

எங்கள் அச்சகத்தில் ஈயத்தை யாரும் குப்பையில் போட்டதில்லை. பின்கட்டில், மண்ணெண்ணெய் கேனுக்குப் பக்கத்தில், வாய் வெட்டிய பழைய எண்ணெய் டின் ஒன்று இருக்கும். முனை மழுங்கிய எழுத்து, மெஷினில் சிக்கி நசுங்கியது, இரண்டாக உடைந்தது, வரிகளுக்கு நடுவே போடுகிற லெட் வளைந்துபோனது, சாயங்காலம் கூட்டும்போது தரையில் கிடைத்தது எல்லாம் அதில் விழும். சிவகாசியின் பெரிய அச்சகங்கள் லித்தோவிலும் ஆப்செட்டிலும் பட்டாசு லேபிளும் காலண்டரும் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்களுடையது ஒரே ஒரு ட்ரெடில் மெஷின் ஓடிய சின்னக் கடை. பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ். அப்பாதான் முதலாளி, அப்பாதான் கம்பாசிட்டர்.

தேய்ந்த எழுத்தை டைப் பவுண்டரியில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பழைய ஈயத்தைக் கொடுத்து, வார்ப்புக் கூலியைக் கட்டி, புது எழுத்து வாங்கி வருவார் அப்பா. டின்னில் கிடந்தது அதற்கும் ஆகாத ஈயம். மண், மை, படம் அடிக்கிற துத்தநாக பிளாக்கின் சில்லு எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் அப்பா காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

வைப்பாற்றிலும் கண்மாயிலும் வீச்சு வலை போடுகிறவர்கள் வலை ஓரத்துக் குண்டுக்காக வருவார்கள். கல் தூணில் துளை போட்டு இரும்புக் கம்பி நடுகிற ஆசாரி, கம்பியைச் சுற்றி உருக்கி ஊற்ற வாங்கிப்போவார். இவர்களை நான் அவ்வளவாகக் கவனித்ததில்லை. நான் காத்திருந்தது துப்பாக்கிக்காக ஈயம் கேட்டு வருகிறவர்களை.

மழைக்காலம் முடிந்து காட்டில் காடையும் கவுதாரியும் தெரிய ஆரம்பித்ததும் நரிக்குறவர் ஒருவர் வருவார். வயதானவர். வாசலில் நின்று, "சாமி, ஈயம் கெடக்கா சாமி?" என்பார். துப்பாக்கியை உள்ளே கொண்டுவர மாட்டார். அவர் மனைவியோ பேரனோ தெருவில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து, மேலே ஈய ரவையைப் போட்டு, திரும்பவும் நாரால் மூடுவது. "பின்னால கெடக்கு, எடுத்துக்கப்பா" என்று அப்பா தலை நிமிராமல் சொல்வார். கையில் எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக் இருக்கும்போது அவர் யாருக்கும் தலை நிமிர்ந்ததில்லை.

பெரியவர் ஈயத்தை அப்படியே அள்ளிக்கொண்டு போக மாட்டார். எங்கள் வேப்பமரத்தடியிலேயே வேலையை முடித்து, சுத்தமான ஈயத்தை மட்டும்தான் எடுத்துப்போவார். சீமைக்கருவேலங் கரியில் கங்கு போட்டு, நீளப் பிடி வைத்த இரும்புக் கரண்டியை முதலில் வெறுமனே காய வைப்பார். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் தெறித்துவிடும் என்பதால் எங்களை எட்டி நிற்கச் சொல்வார். ஈயம் இளகியதும் ஒரு துண்டு மெழுகுவர்த்தியைப் போடுவார். குப்பென்று பற்றி அடங்கும், கசடு மேலே திரண்டு வரும், வழித்து எறிவார். விசிறியால் கங்கை ஏற்றாமலும் தணிக்காமலும் அவர் பார்த்துக்கொண்ட விதத்தின் காரணம் எனக்கு வெகு காலத்துக்குப் பிறகு, ஒரு உலோகவியல் புத்தகத்தில் கிடைத்தது. ஈயம் 327 டிகிரியில் உருகும். எழுத்துக்கான ஈயக் கலவை அதற்கும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். துத்தநாகம் உருக ஏறக்குறைய 420 டிகிரி வேண்டும். சூடு நடுவில் நின்றால் பிளாக்கின் சில்லுகள் கரையாமல் மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். கரைந்துவிட்டால் அந்த ஈயம் எதற்கும் உதவாது. அவரிடம் தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. ஈயத்தின் மேல் படரும் நிறத்தைப் பார்த்தே அறிந்தார்.

பிறகு நன்றாகக் காய்ந்த செங்கல்லில் வெட்டிய காடியில் ஊற்றுவார். விரல் நீளக் கம்பியாக உறையும். அதைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு தட்டைக் கல்லுக்கு நடுவே உருட்டினால் ரவை. நறுக்கும்போதுதான் அவருக்கு எங்கள் ஈயத்தின் மேல் வருத்தம் வரும். "இது கெட்டி ஈயம் சாமி, கத்திக்கு ஒடியுது" என்பார். அதனால் எழுத்தை ஒதுக்கிவிட்டு லெட் தகடுகளைத்தான் முதலில் பொறுக்குவார். அது வளையும், எழுத்தைவிட மென்மையானது.

இதே குறையை இன்னொருவரும் சொல்வார். வத்திராயிருப்புப் பக்கம் மலையடியில் தோட்டம் வைத்திருந்த என் மாமா. பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கிய வாய்வழித் துப்பாக்கி அவரிடம் இருந்தது. தேர்தல் அறிவித்தால் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வர வேண்டும். முடிந்ததும் திரும்ப எடுத்து வர வேண்டும். கடலைக்குள் பன்றி இறங்கும் ராத்திரிகளில் வெறும் மருந்தை மட்டும் போட்டு வெடிப்பார். பெரும்பாலும் அந்தச் சத்தமே போதும். ஆனாலும் குண்டு வார்த்து வைத்திருப்பார். இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு அரைக்கிண்ணம் கொண்ட இரும்பு அச்சு ஒன்று அவருடைய அப்பா காலத்தில் இருந்தே வீட்டில் இருந்தது. "அத்தான், ஒங்க எழுத்து ஈயத்துல வார்த்தா குண்டு கொழாய்க்குள்ள எறங்க மாட்டேங்கு" என்று அப்பாவிடம் குறைபட்டுக்கொள்வார்.

எழுத்துக்கான ஈயத்தில் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலப்பார்கள். ஆன்டிமனி ஈயத்தை இறுக்கும். ஆறும்போது அதிகம் சுருங்கவும் விடாது. அதனால்தான் 8 பாயிண்ட் எழுத்தின் சுழிகூடப் பிசிறில்லாமல் விழுகிறது. குண்டுக்கு அந்தக் குணமே பகை. அச்சிலிருந்து ஓர் இம்மி பெரிதாக வரும், வாய்வழியாக இடிக்கும்போது மல்லுக்கு நிற்கும். பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே 1849இல் உருவாக்கிய குண்டு பின்பக்கம் குழிவானது. வெடிக்கும் வேகத்தில் அந்த விளிம்பு விரிந்து குழலைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்ய மெத்தென்ற ஈயமே வேண்டும். 1857இல் சிப்பாய்களைக் கொந்தளிக்க வைத்த கொழுப்புத் தோட்டாவுக்குள் இருந்ததும் அந்த வழியில் வந்த ஈயக் குண்டுதான். மாமாவுக்கு மினியேயைத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் ஈயத்தைக் கீறுவார். கோடு விழுந்தால் எடுத்துக்கொள்வார். நகம் வழுக்கினால் வைத்துவிடுவார். அவர் மிகவும் விரும்பியது டெலிபோன் கேபிளின் மேலுறை. தரைக்கடியில் போன பழைய கேபிள்களுக்கு ஈயத்தில்தான் உறை இருக்கும். ஜாயின்ட் போடும் ஆட்கள் வெட்டித் தள்ளிய துண்டு எங்காவது கிடைத்தால் அவருக்குத் தீபாவளி.

இந்தக் கெட்டி ஈயம் ஏராளமாகக் கிடைத்த ஒரு காலமும் வந்தது. 1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935இலேயே தன் 'குடி அரசு' இதழில் கையாண்ட முறை அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளின் பழைய வடிவம் போயிற்று. இருக்கிற கால் குறியையும் ஐகாரக் குறியையும் சேர்த்தே அவற்றைக் கோர்த்துவிடலாம் என்பதால் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸில் சில அறைகள் காலியாயின, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் பழைய எழுத்துதான் வேண்டும் என்று கேட்கிற பெரியவர்களுக்காக அப்பா சில வருடம் அவற்றை வைத்திருந்தார். பிறகு ஒருநாள் துதிக்கை தூக்கிய லையும் னையும் பின்கட்டு டின்னுக்குள் கொட்டப்பட்டன. அந்த வருடம் நரிக்குறவப் பெரியவர் பொறுக்கியது பெரும்பாலும் அவற்றைத்தான். எங்கள் கடையின் பழைய ஐகாரங்கள் ரவையாகித் திருத்தங்கலுக்கும் சாத்தூருக்கும் இடையே கரிசல் மண்ணில் இன்னும் கிடக்கும். ஈயம் சுலபத்தில் மக்காது.

ஈயம் ஒன்றிலிருந்து இன்னொன்றாகிற இந்தச் சுற்று இங்கே தொடங்கியதும் இல்லை. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு அச்சகம் வைத்தபோது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன, காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி வார்த்தார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தின்றுவிட்டு எறிய வேண்டிய உறை தமிழ் எழுத்தாகியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் டின்தான் நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய இருநூறு கல் தொலைவிலும் முந்நூறு ஆண்டு தூரத்திலும் யாரோ ஒருவர் நம்மைப்போலவே ஈயத்தைக் குப்பையில் போடாமல் இருந்திருக்கிறார்.

அந்த நாட்களை முழுவதும் நல்லதென்று நான் சொல்லவில்லை. ஈயம் நஞ்சு. ரத்தத்தில் ஏறினால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். கம்பாசிட்டர்கள் அதே விரலால் டீக்கடை வடையைத் தின்றார்கள். பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்று அப்பா நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 அன்று பட்டாசுத் தயாரிப்பில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றை எந்த வடிவிலும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டபோது, அது சரியான உத்தரவு என்றே நினைத்தேன். அந்தப் பட்டியலின் முதல் பெயரும் கடைசிப் பெயரும் எங்கள் எழுத்துகளின் உலோகங்கள் என்பது மட்டும் மனதில் தைத்தது.

வேட்டையும் போனது நல்லதுதான். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் நரிக்குறவர்கள் உடனே துப்பாக்கியை விட்டுவிடவில்லை, விட்டால் பிழைப்பதற்கு வேறு வழியை யாரும் காட்டவில்லை என்பதால். ஊசி பாசி மணி விற்று நாள் கழித்தார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஜனவரி ஆயிற்று. இவ்வளவு கால தாமதத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

நான் ஏங்குவது துப்பாக்கிக்கோ நஞ்சுக்கோ அல்ல. ஒரு கடையில் மிஞ்சியது இன்னொருவர் கைக்கு விலையில்லாமல் போய்ச் சேர்ந்த அந்த வழக்கத்துக்கு. கேட்கிறவர் கூசவில்லை, கொடுக்கிறவர் தர்மம் செய்வதாக நினைக்கவில்லை. ஒரு பொருளின் குணத்தை நகத்தாலும் பல்லாலும் கத்தியாலும் அறிந்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து, படித்த எங்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களோடு நின்று பேசுவதற்கு அந்த டின் ஒரு காரணமாக இருந்தது.

1990களில் கம்ப்யூட்டரில் டைப் செய்து பிலிம் எடுக்க ஆரம்பித்ததும் எல்லாம் விரைவாக முடிந்தது. பில் புத்தகம்கூட மினி ஆப்செட்டுக்குப் போனது. எங்கள் எழுத்துகள் கேஸ் கேஸாகச் சாக்கில் கட்டப்பட்டு எடைக்குப் போயின. எழுத்தைப் பிரித்துப் போடாமல் சாக்கில் கொட்டியது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு அவர் கடைப்பக்கமே வரவில்லை. கேபிளுக்கு பாலித்தீன் உறை வந்துவிட்டது. ஈயம் உள்ள பழைய பேட்டரியைக் கடைக்காரரே விலை கழித்து எடுத்துக்கொள்கிறார். அதை முறையாகத் திருப்பிச் சேர்க்க 2022இல் தனி விதிகளே வந்திருக்கின்றன. இன்று யாராவது ஈயம் கேட்டு வந்தால் சும்மா கொடுப்பதற்கு இந்த ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை.

சிவகாசியிலும் விருதுநகரிலும் சாத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் சின்ன அச்சகங்களில் இன்னும் சில கேஸ் எழுத்துகள் தூசியோடு இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முழுச் செட்டை மட்டும் ஸ்டிக்கோடும், கோர்த்த வரிகளை வைக்கும் கேலித் தட்டோடும் தனியே எடுத்து வையுங்கள். பழைய லை, ளை, னை கிடைத்தால் கட்டாயம் எடுத்து வையுங்கள். விருதுநகர் அரசு அருங்காட்சியகத்திடம் கேட்டுப் பாருங்கள். அங்கே இடமில்லை என்றால் ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.