ஆசோவின் கருமண்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது கியூஷு. அதன் நடுவில் வடக்கு தெற்காக 25 கிலோமீட்டரும் கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டரும் அகன்ற ஒரு பெரும்பள்ளம் கிடக்கிறது. ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் ஆசோ எரிமலை வெடித்து, அடியில் இருந்த குழம்பையெல்லாம் வெளியே கொட்டிவிட்டது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் மேல்நிலம் அப்படியே உள்ளே இறங்க, உண்டான பள்ளம் இது. இன்றைக்கு அதற்குள் ரயில் ஓடுகிறது, நெல் விளைகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நடுவே ஐந்து சிகரங்கள். அவற்றில் ஒன்றான நாகாதாகே இன்னமும் புகைந்துகொண்டிருக்கிறது.

வடக்கு விளிம்பில் 936 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாய்கான்போ மேட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் புகையைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். என் கண் போனது புல்வெளிக்கு. விளிம்பிலிருந்து சரிவு சரிவாக, மரம் மட்டை இல்லாமல், பச்சை மட்டுமே. செம்பழுப்பு நிற மாடுகள் அங்கங்கே மேய்ந்துகொண்டிருந்தன. மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊர் இது. சென்னை மழையைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவு மழைக்குக் காடுதான் அடர்ந்திருக்க வேண்டும். புல் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லித்தான் அக்கா மகன் என்னை அழைத்து வந்திருந்தான். அவன் இங்கே மண்ணியல் ஆராய்ச்சி மாணவன்.

சாலைக்காக மலையை வெட்டிய ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினான். ஆள் உயரத்துக்கும் மேலான வெட்டுச்சுவர். மேலே புல்வேர் அடர்ந்த பகுதி. அதன் கீழே கறுப்பு. கரிசல் மண்ணைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் இந்தக் கறுப்பு வேறு. கரிசலில் ஒரு சாம்பல் சாயல் இருக்கும், காய்ந்தால் வெளிறும், பாளம் பாளமாக வெடிக்கும். இது அட்டக்கறுப்பு, வெடிப்பே இல்லை. கறுப்புக்கு நடுவில், சாண் அகலம்கூட இராத ஒரு பட்டை, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டதுபோல் ஓடியது. அதற்குக் கீழே மறுபடியும் கறுப்பு.

“சித்தி, அந்தக் கோடு ஆசோவோடது இல்ல. தெற்கே கடலுக்குள்ள இருக்கிற கிகாய் எரிமலையோட சாம்பல். 7,300 வருஷம் ஆச்சு,” என்றான்.

இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து காற்றில் வந்து படிந்த சாம்பல். கியூஷு முழுக்க மண்ணை ஆராய்கிறவர்களுக்கு அது ஒரு காலக்கோடு. அகாஹோயா என்பது அதன் பெயர். கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் 7,300 ஆண்டுகளுக்குள் உருவான மண். கீழே இருப்பது அதற்கும் மூத்தது. விரலை அந்தக் கோட்டில் வைத்தேன். அதற்கு அரையடி கீழே கைபட்ட கறுப்பு, உலகில் எழுத்தே பிறக்காத காலத்துப் புல்லின் மிச்சம் என்று எண்ணியபோது உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

புல்லின் மிச்சம் என்பது கற்பனை இல்லை. இங்கே வளரும் சுசுகி, நம் நாணலுக்கு உறவு. மே மாத இறுதியில் முழங்கால் உயரம் வந்திருந்தது. இலையின் ஓரத்தைக் கீழ்நோக்கி உருவினால் விரல் அறுந்துவிடும், அத்தனை கூர். மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்காவைப் புல் தன் இலைக்குள் நுண்ணிய கண்ணாடித் துணுக்குகளாகச் சேர்த்துவைக்கிறது. இலை மக்கிப் போனாலும் துணுக்கு மக்குவதில்லை. புல்வகைக்கு ஏற்பத் துணுக்கின் வடிவம் மாறும். வெட்டுச்சுவரில் அடுக்கடுக்காக மண் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், ஆசோவின் கிழக்குப் பக்கத்தில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுசுகி விடாமல் வளர்ந்துவந்திருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள்.

ஒரு பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தான். கனமே இல்லை. டிகாஷன் இறங்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் காப்பித்தூள் கையில் எப்படி இருக்குமோ அப்படி, பொலபொலவென்று, ஈரமாக, கறுப்பாக. சாதாரண வயல் மண் ஒரு லிட்டர் அளவுக்கு ஒன்றேகால் கிலோவாவது நிற்கும். இந்த வகை மண் 900 கிராமைத் தாண்டாது, பெரும்பாலும் அதற்கும் குறைவு. “இப்ப கட்டைவிரலால நல்லா தேய்ச்சுப் பாருங்க,” என்றான். தேய்த்தேன். மூன்றாவது தேய்ப்பில் பொலபொலப்பு போய், வழுவழுவென்று எண்ணெய் பட்டதுபோல் ஆனது. விரலிடுக்கில் நீர் கசிந்தது. அதுவரை அந்த நீர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. விரலை எடுத்ததும் மண் மறுபடி இறுகியது.

அந்த நீர் இருந்த இடத்தைப் பற்றி அவன் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய வியப்பு. எரிமலைச் சாம்பல் என்பது பெரும்பாலும் கண்ணாடி. குழம்பு சட்டென்று குளிர்ந்ததால் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் உறைந்த பொருள். அதனால் மழையில் சீக்கிரம் சிதைகிறது. சிதைந்து வெளிவரும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து அல்லோஃபேன் என்ற கனிமமாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் நானோமீட்டர் கணக்கில், நாலைந்து நானோமீட்டர் குறுக்களவுள்ள உள்ளீடற்ற உருண்டைகள் அவை. இன்னொரு கனிமம் இமோகோலைட். அது உருண்டை அல்ல, குழாய். அதை உலகுக்கு முதலில் அறிவித்தது 1962-இல், ஆசோ இருக்கும் இதே குமாமோட்டோ மாநிலத்தின் தெற்கே ஹிதோயோஷிப் பக்கத்துச் சாம்பல் மண்ணை ஆராய்ந்த யோஷினாகா, அவோமினே என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள். ஒரே ஒரு கிராம் அல்லோஃபேனின் பரப்பை விரித்துவைத்தால் இரண்டு கிரவுண்டு நிலத்துக்கு மேல் வரும். அத்தனை பரப்பிலும் நீர் ஒட்டிக்கொள்கிறது; மழை எவ்வளவு கொட்டினாலும் மண் குடித்துக்கொண்டே இருக்கிறது.

பையிலிருந்து ஒரு சோதனைத் தாளை எடுத்தான். ஃபினாஃப்தலீன் கரைசலில் நனைத்து உலர்த்திய வெள்ளைத் தாள். அதன்மேல் மிளகளவு மண்ணை வைத்து, சோடியம் ஃபுளோரைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டான். மண்ணைச் சுற்றித் தாள் இளஞ்சிவப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடர்சிவப்பானது. அலுமினியத்தோடு ஒட்டியிருந்த ஹைட்ராக்சிலை ஃபுளோரைடு தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. வெளியேறிய ஹைட்ராக்சில் தாளைச் சிவக்கவைக்கிறது. செயலூக்கமுள்ள அலுமினியம் இந்த மண்ணில் நிறைய இருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பு சாட்சி.

நன்மையும் தொல்லையும் அந்த அலுமினியத்தாலேயே. மக்கிய புல்லை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடிவதில்லை. அதனால்தான் மேல்மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடக் கரிமம் தங்குகிறது. நம் ஊரில் பெரும்பாலான வயல்களில் அரை சதவீதத்தை எட்டுவதே பெரும்பாடு. ஆனால் இட்ட பாஸ்பேட் உரத்தையும் அதே அலுமினியம் அதே பிடிவாதத்தோடு பிடித்துவைத்துக்கொள்ளும், பயிருக்கு விடாது. பார்வைக்குப் பொன் விளையும் பூமி; விதைத்தவனுக்கு நெடுங்காலம் ஏமாற்றம். உரமூட்டை எளிதாகக் கிடைக்கும்வரை இந்தச் சரிவுகள் மாட்டுக்கும் குதிரைக்கும் உரியவையாகவே இருந்தன. 927-இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரசுச் சட்டத் தொகுப்பிலேயே இந்தப் பகுதியின் குதிரை மேய்ச்சல் நிலம் இடம்பெற்றிருக்கிறது.

பஞ்சுபோன்ற இந்த அடுக்குகளுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2016 ஏப்ரலில் நிலம் 7.3 அளவில் அதிர்ந்தபோது, காடில்லாத இந்தப் புல்சரிவுகள் பல இடங்களில் வழுக்கி இறங்கின. அடியில் நீர் ஊறிக் களியாகியிருந்த பழைய நுரைக்கல் அடுக்குதான் பல சரிவுகளில் நழுவுதளமாக இருந்தது. அந்தத் தழும்புகள் சில இப்போதும் தெரிகின்றன.

இனி, புல் நிற்பதற்கான பதில். ஒவ்வோர் ஆண்டும் குளிர் விடும் நேரத்தில், பெரும்பாலும் மார்ச்சில், ஊரார் கூடிக் காய்ந்த புல்லைக் கொளுத்துகிறார்கள். நோயாகி என்பார்கள். முந்தைய இலையுதிர்காலத்திலேயே எல்லை நெடுகப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை போட்டுவிட வேண்டும். முதுகெலும்பை முறிக்கும் வேலை அதுதான். தீ சரிவில் ஓடிக் கடந்துவிடும். இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே மண்ணுக்குச் சூடே தெரியாது. மரக்கன்றுகள் கருகும், புல்லின் வேர் பிழைக்கும். எரிக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் காடு ஏறிவிடும். அதே சாம்பல்மீது காடு வளர்ந்தால் மண் இந்தக் கறுப்பை அடைவதில்லை, பழுப்பாகிறது. இந்தக் கறுப்பில் புல்லின் பங்கும் உண்டு, தீ விட்டுச்சென்ற நுண்கரியின் பங்கும் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். எரிமலை சாம்பலைத் தந்தது. அதைக் கருமண்ணாக்கியதில் தலைமுறை தலைமுறையாகத் தீப்பந்தம் பிடித்த கைகளுக்கும் பங்கிருக்கிறது. இயற்கை என்று நான் மலைத்துப் பார்த்த வெளி பாதி உழைப்பு.

அவன் இன்னொன்றும் சொன்னான். எரிமலையே இல்லாத நம் நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில், பாறை சிதைந்து மிஞ்சிய அலுமினியமும் குளிரும் மழையும் மக்கிய புல்லும் சேர்ந்து, ஏறத்தாழ இதே குணமுள்ள மண்ணை உருவாக்கியிருக்கின்றனவாம். பிரெஞ்சு மண்ணியலாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அதை விவரித்து எழுதியிருக்கிறார்கள். சாம்பல் ஒரு துளி இல்லாமலே! அவலாஞ்சிப் பக்கம் எத்தனை முறை அந்தக் கறுப்பை மிதித்து நடந்திருப்போம்.

ஆசோவுக்குக் கீழே குமாமோட்டோ நகரில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவது முழுக்க நிலத்தடி நீர். ஆசோவின் மேற்குச் சரிவிலும் இடைப்பட்ட வயல்களிலும் இறங்கும் மழை, பழைய எரிமலைப் பாறைகளின் இடுக்குகளில் ஊறி ஊறி அங்கே போய்ச் சேர்கிறது. மரங்கள் அளவுக்குப் புல் நீரை வானத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை; அதனால் நிலத்துக்குள் கூடுதலாக இறங்குகிறது. மலையில் தீ வைக்க ஆள் இருக்கிறார்களா என்பது நகரத்துக் குடிநீர்க் கவலையும்கூட.

ஆள் குறைந்துகொண்டிருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் புல்வெளி 22,000 ஹெக்டேர். நூறாண்டுக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லை. மேய்ச்சல் நிலச் சங்கங்களில் இருப்பவர்கள் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். 2013-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபிடமாக ஆசோவை ஏற்றது. அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் தீத்தடுப்புப் பாதை அறுக்க அதனால் ஆள் வந்துவிடாது. வருகிறவர்கள் நகரத்துத் தன்னார்வலர்கள். பயிற்சி பெறாமல் யாரையும் தீயருகே விடுவதில்லை. நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும். அக்கா மகன் வரும் பருவத்துப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஊரிலிருந்து இரண்டு கனத்த காடாச் சட்டை தைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான்.