குதிரைக்கும் நரைக்கும்

கட்டைவிரல் நீளம்கூட இல்லாத குதிரை வீரன். உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த பொம்மை. கீழே நிற்கிற சிப்பாய் என்றால் 28 மில்லிமீட்டர். இவர்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்து, மேஜையில் அணிவகுத்து, பகடை உருட்டி, வாட்டர்லூ யுத்தத்தை மறுபடி நடத்துகிற பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. சிரிக்காதீர்கள். பொம்மைப் போருக்கு விதிகள் எழுதி 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டவர் எச்.ஜி.வெல்ஸ்.

சீருடை சுலபம். குதிரைதான் படுத்தும். இப்போது என் மேஜையில் 'ஸ்காட்ஸ் கிரேஸ்' படை. பேரிலேயே சாம்பல் நிறம். "வெள்ளை அடித்தால் வேலை முடிந்தது" என்பீர்கள். ம்ஹூம். இந்தக் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வயசாக ஆக, நம்மைப் போலவே நரைக்கும். அதனால் முதலில் அடர் சாம்பல். காய்ந்ததும் பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, வெளிர் சாம்பலை மேலாக்கத் தடவ வேண்டும். இளசுக்குத் தொடையில் வட்ட வட்டப் புள்ளிகள். கிழடு ஏறக்குறைய வெள்ளை. நரைப்பது முடிதான், தோல் இல்லை. ஆகவே மூக்கு மட்டும் கறுப்பு.

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வயசு கொடுத்த பிறகுதான் அவஸ்தை. 1815 ஜூன் 18 அன்று பாய்ந்து போன இந்தப் படையின் குதிரைகளில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. நிஜப் போருக்கு இந்த பொம்மைப் போர் எவ்வளவோ தேவலை என்றார் வெல்ஸ். அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்தது. அதில் செத்த குதிரைகள் லட்சக்கணக்கில்.

என் மேஜையில் பகடை விழுந்தால் குதிரை பெட்டிக்குள் போகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து வரும். அதற்காகவாவது விளையாடலாம்.