பத்துமலைக்கு வடக்கே

செலாயாங்

அன்புள்ள செல்வி,

பத்துமலையைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தாய். நான் இருக்கும் செலாயாங்கிலிருந்து அது பக்கம்தான். 272 படிகளும் பொன்னிற முருகனும் உனக்குப் படத்திலேயே பழக்கம். ஆனால் அங்கே போனதிலிருந்து என் மனம் வேறொன்றில் நிற்கிறது. 1890 வாக்கில் தம்புசாமி பிள்ளை அந்தக் குகையில் வழிபாட்டைத் தொடங்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே அது தெமுவான் மக்கள் ஒதுங்கிய இடம்.

தெமுவான்கள் ஒராங் அஸ்லி என்னும் பூர்வகுடிகளில் ஓர் இனம். அதே பூர்வகுடிகளில் செமாய், தெமியார் இனத்தவரின் மொழிகள் நம் சந்தாலிக்குத் தூரத்து உறவு, மலாய்க்காரருக்குப் புரியாது. தெமுவான் மொழியோ மலாய்க்கு உடன்பிறப்பு. அதனால்தான் எனக்குப் பயம். தெமுவான் பிள்ளை மலாயில் படிக்கிறது; வீட்டுச் சொற்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன; யார் கண்ணிலும் படுவதில்லை. செமாய்க்காவது 1990களின் பிற்பாதியிலிருந்து சில பள்ளிகளில் பாடவேளை உண்டு.

இங்கிருந்து ராவாங் வழியாக வடக்கே போனால் கோலகுபுபாரு. அதற்கு மேலே மலையில் பெர்த்தாக் என்ற தெமுவான் கிராமம். பாடகி மாக் மீனா அந்த ஊர்க்காரர். சேவாங் சடங்கில் பாடும் பாட்டுகளை ‘ஆக்கார் உம்பி’ என்ற குழுவோடு மேடையேற்றினார். 1999இல் காலமானார், அவர் குரல் இசைத்தட்டாக வந்தது அதற்குப் பிறகுதான். அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீருக்காகச் சிலாங்கூர் ஆற்றில் அணை எழும்பியது. பெர்த்தாக், கெராச்சி இரண்டு ஊர்களும் இடம் பெயர்க்கப்பட்டன. காட்டின் மரத்தையும் ஆற்றையும் பெயர் சொல்லிப் பாடும் மொழிக்கு ஊர் போவது சின்ன இழப்பா, சொல்.

எழுத்தும் அச்சும் இருந்தால்கூட ஒரு மொழி தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் செரோக்கி மக்களுக்கு செக்கோயா 1821இல் எழுத்தே உருவாக்கிக் கொடுத்தார். 1828இல் பத்திரிகை வந்தது. அப்படியிருந்தும் 2019இல் மொழிக்கு நெருக்கடிநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். தெமுவானுக்கு அந்த அச்சு வாழ்வும் வாய்க்கவில்லை. பூர்வகுடிகளுக்கான ஆசிக் எஃப்எம் வானொலியில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அவ்வளவே.

நம் மொழியின் கதை வேறு. 1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது. தோட்டத்துக் கொட்டகைகளிலிருந்து போராடிப் பெற்றது அது. பள்ளி இல்லாவிட்டால் மொழிக்கு என்ன ஆகும் என்று நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கோம்பாக்கிலும் பெர்த்தாக்கிலும் தெமுவான் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் ஒரு பாடவேளையாவது வேண்டும் என்று கேட்கும் முதல் குரல் இங்குள்ள தமிழரிடமிருந்து வர வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே பழகிய தமிழாசிரியர்களிடம் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
கலா